கடலூர் முதுநகரில் வட்டியில்லா நகைக்கடன்: போவதற்கு முன் படிக்க வேண்டியவை

கடலூர் முதுநகரில் ஒரு பள்ளிவாசலை ஒட்டி இயங்கும் பைத்துல்மால் (ஜமாஅத்தின் பொது நிதி), நகையை அடமானமாக வைத்துக்கொண்டு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறது. கூடவே கடன் சம்பந்தமான இஸ்லாமிய மார்க்க ஆலோசனையும் உண்டு. குறைகளையும் எழுதப் போவதால் பள்ளிவாசலின் பெயரைப் போடவில்லை. இதே முறையில் கடன் கொடுக்கும் எந்த ஊர் ஜமாஅத்துக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் கணக்கு. கல் பதித்த டாலரோடு ஒரு சங்கிலி 8.4 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லுக்கும் அரக்குக்கும் 0.9 கிராம் கழித்தால் நிகர எடை 7.5 கிராம். கிராம் ரூ.10,000 என்று வைத்தால் மதிப்பு ரூ.75,000. இங்கே கொடுப்பது அதில் 60 சதவீதம், அதாவது ரூ.45,000. உச்சவரம்பு ரூ.50,000, எத்தனை பவுன் கொண்டுபோனாலும் அதற்கு மேல் கிடையாது. தவணை 10 மாதம். அதே ரூ.45,000-ஐ ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் வங்கியில் வாங்கினால் 10 மாதத்துக்கு ரூ.3,375 வட்டி. அடகுக்கடையில் இரண்டு ரூபாய் வட்டி என்றால் ரூ.9,000. இங்கே வட்டி பூஜ்யம், கட்டணம் மட்டும். கட்டணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம்.

வங்கி இதைவிடக் கூடுதல் சதவீதம் கொடுக்கும் என்று சிலர் குறைப்படுகிறார்கள். 60 சதவீதத்தில் நிறுத்துவதுதான் சரி. வட்டி சேராததால் கடன் தொகை வளராது. தங்கம் விலை இறங்கினாலும் அடமானம் எளிதில் கடனுக்குக் கீழே போகாது. விற்க வேண்டிய நிலை வந்தாலும் பெரும்பாலும் கடன் வாங்கியவருக்கு மீதி கிடைக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் நகல், புகைப்படம் இரண்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல். வேறு மஹல்லாவைச் (பள்ளிவாசல் எல்லை) சேர்ந்தவர்கள் தங்கள் ஜமாஅத்தின் கடிதம் கொண்டுவர வேண்டும். புதுச்சேரியிலிருந்து வருபவர்களுக்கும் இதே விதி. முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் கடன் உண்டு. துறைமுகப் பக்கத்து மீனவப் பெண்கள் வரிசையில் நிற்பது சகஜம், அவர்களிடம் யாரும் கடிதம் கேட்பதில்லை. ஹால்மார்க் நகையானால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நகையை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார்கள். காரட் குறைந்தால் மதிப்பும் குறையும். வெளிநாட்டிலிருந்து வந்த 18 காரட் நகைகளில்தான் இந்த ஏமாற்றம் அடிக்கடி நடக்கிறது.

ரூ.20,000 அல்லது அதற்கு மேல் உள்ள கடனை ரொக்கமாகத் தரமாட்டார்கள், வங்கிக் கணக்கில்தான் போடுவார்கள். வருமான வரிச் சட்டம் அப்படி. திருப்பிக் கட்டும்போதும் இந்த வரம்பு உண்டு. ரொக்கமாகக் கை மாறினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம். ‘நமக்குள்ள எதுக்கு பேங்க்’ என்று வாதாடுபவர்களுக்குப் பொறுப்பாளர் பொறுமையாகப் பதில் சொல்வதைப் பாராட்ட வேண்டும்.

இனி எழுத்து. குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதுவதைப் பற்றியது. தவணை குறிப்பிட்டு எழுதுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும், கடன் வாங்குபவர் வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சிகள் இருக்கட்டும், தொகை சிறியதோ பெரியதோ எழுதச் சலித்துக்கொள்ளாதீர்கள் என்று அது வரிசையாகச் சொல்கிறது. அடுத்த வசனம் (2:283) அடமானம். வட்டி கூடாது என்பதை நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எழுதச் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பிரிவும் அதில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது.

கடன் அட்டையில் தொகை, தேதி, நகை விவரம், மொத்த எடை, நிகர எடை, தவணைத் தேதி எல்லாம் உண்டு. நன்றாகவே எழுதுகிறார்கள். சாட்சிக் கட்டத்தில்தான் கோளாறு. அலுவலகத்தில் உள்ள இருவரே எல்லா அட்டையிலும் சாட்சி, அதுவும் கடை அடைக்கும் நேரத்தில் மொத்தமாகக் கையெழுத்து. பணம் கை மாறியதை நேரில் பார்த்தவர்தான் சாட்சி. பார்க்காதவர் போட்ட கையெழுத்து நாளை தகராறு வந்தால் உதவாது. வட்டிக் கொடுக்கல் வாங்கலில் எழுதுபவரும் சாட்சிகளும் பாவத்தில் சமம் என்கிற ஹதீஸ் (நபிமொழி) ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. சாட்சி வெறும் சடங்கென்றால் அவர்களை ஏன் சேர்க்க வேண்டும்? அதனால் வீட்டிலிருந்தே ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள், ‘சாட்சிக் கட்டத்தில் இவர் போடட்டும்’ என்று கேளுங்கள். மறுப்பதில்லை.

நகையை உங்கள் கண் முன்னால் துணி உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே உங்கள் கையெழுத்தை வாங்கி அரக்கு முத்திரை வைக்கிறார்கள். மீட்கும்போது அந்தக் கையெழுத்து உடையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பிரிக்க வேண்டும். வெளியே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: ஒரே உறையில் மூன்று நகையை வைத்தால், முக்கால்வாசிக் கடனைக் கட்டிய பிறகும் ஒன்றைக்கூட வெளியே எடுக்க முடியாது. இது இவர்களாகப் போட்ட விதி அல்ல. அடமானம் முழுவதும் கடன் முழுவதற்கும் பிணை என்பது ஃபிக்ஹிலேயே (இஸ்லாமியச் சட்டவியல்) உள்ளது. கல்யாண வீட்டுக்கு நடுவில் ஒரு வளையல் தேவைப்படலாம் என்று தோன்றினால் ஆரம்பத்திலேயே இரண்டு அட்டை, இரண்டு உறை என்று பிரித்துக் கேளுங்கள்.

அடமான நகை தொலைந்தால் யார் பொறுப்பு? அட்டையில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவு) அடமானப் பொருள் அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொருள். கவனக்குறைவு இல்லாமல் தொலைந்தால் வைத்திருப்பவர் ஈடு கட்ட வேண்டியதில்லை, கடனும் அப்படியே நிற்கும். ஹனஃபி மத்ஹபில் நகையின் மதிப்பு, கடன் இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு வைத்திருப்பவர் பொறுப்பு. கடலூரில் இரண்டு மத்ஹபினரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எதைப் பின்பற்றப் போகிறோம் என்று முன்கூட்டி எழுதவில்லை என்றால், தொலைந்த அன்று ஆளுக்கொரு கிதாபைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இருப்புப் பெட்டி தரைத்தளத்தில் இருப்பதும் நல்லதல்ல. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த ஊர் இது. கெடிலமும் உப்பனாறும் பெருகினால் முதலில் நனைவது இந்தப் பக்கத்துத் தரைத்தளங்கள்தான். வங்கி லாக்கருக்கு மாற்றினால் வாடகைச் செலவு கூடும், அதைக் கட்டணத்தில் சேர்க்க மார்க்கத்தில் தடை கிடையாது.

கட்டணத்துக்கு வருவோம். ரூ.25,000 வரை கடனுக்கு ரூ.120, அதற்கு மேல் ரூ.240. மதிப்பீட்டாளர் கூலி, உறை, அட்டை, காவலர் சம்பளம் என்று காரணம் சொல்கிறார்கள். 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கடனுக்குச் சேவைக் கட்டணம் வாங்கலாம், அது உண்மையான செலவுக்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டும் எதுவும் வட்டி என்று முடிவு சொன்னது. இங்கே மதிப்பீட்டாளருக்கு உறைக் கணக்கில்தான் கூலி. கடன் 20,000 ஆனாலும் 45,000 ஆனாலும் அவருக்கு ஒரே வேலை, ஒரே கூலி. பிறகு கட்டணம் மட்டும் தொகையோடு சேர்ந்து ஏன் ஏற வேண்டும்? எல்லோருக்கும் ஒரே கட்டணம் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

இதைவிடப் பெரிய தவறு, தவணை நீட்டும்போது நடக்கிறது. 10 மாதத்தில் கட்ட முடியாதவர் இன்னும் 6 மாதம் கேட்டால் அதே கட்டணத்தை மறுபடி வாங்குகிறார்கள். மறுமதிப்பீடு கிடையாது, உறையைப் பிரிப்பதுகூட இல்லை. அட்டையில் புதுத் தேதியை எழுதுகிறார்கள், அவ்வளவுதான். ஜாஹிலிய்யா (இஸ்லாத்துக்கு முந்தைய) காலத்து வட்டி எப்படி இருந்தது என்று முவத்தா ஹதீஸ் நூலில் ஸைத் பின் அஸ்லம் சொல்வது இதுதான்: தவணை வந்ததும் கடன் கொடுத்தவர் ‘அடைக்கிறாயா, கூட்டுகிறாயா?’ என்று கேட்பார். கால நீட்டிப்புக்கு விலை வைப்பது 120 ரூபாயானாலும் அதே கதவுதான். நிர்வாகிகளுக்கு வட்டி வாங்கும் எண்ணம் துளியும் கிடையாது என்பதில் சந்தேகமில்லை; கணக்குப்பிள்ளை வசதிக்காக வந்த பழக்கம் அது. உடனே நிறுத்த வேண்டியது. 2:280-ன்படி கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் இலவசமாகத்தான் கொடுக்கப்பட வேண்டும்.

மீட்கும் மேசையில் ஓர் உண்டியல் வேறு. ‘இஷ்டப்பட்டதைப் போடுங்க’ என்கிறார் ஊழியர். நபி (ஸல்) அவர்கள் வாங்கிய ஒட்டகத்தைவிட நல்ல ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுத்து, உங்களில் சிறந்தவர் அழகாகக் கடனை அடைப்பவர் என்று சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. கடனாளி தானாகக் கூட்டிக் கொடுப்பது அழகு. நகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அது தானாகக் கொடுப்பது ஆகாது. உண்டியலை வாசல் பக்கம் தள்ளி வைத்தால் போதும்.

இங்கே உருப்படியான சேவை, வங்கியில் வட்டிக்கு வைத்த நகையை மீட்டு இங்கே மாற்றி வைத்துக்கொள்வது. செவ்வாய்க்கிழமை மாலை விண்ணப்பம். வங்கியில் அன்றைய தேதிக்கு அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கி வர வேண்டும். அசலுக்கு மட்டும்தான் இவர்கள் கடன் தருவார்கள்; வட்டிப் பாக்கியை உங்கள் கைக்காசில் கட்ட வேண்டும், பைத்துல்மால் பணம் வட்டிக்குப் போகாது. பணம் கணக்கில் ஏறிய மறுநாள் காலை இவர்களுடைய ஆள் ஒருவரோடு வங்கிக்குப் போய் நகையை மீட்டு, அன்று மாலையே கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த ஓர் இரவுக்கு அடமானம் எதுவும் இல்லாததால் மஹல்லாவில் தெரிந்த ஒருவரின் ஜாமீன் கேட்பார்கள். இதில் கெடுவது பெரும்பாலும் நேரக் கணக்கு: சில கிளைகளில் நகைக்கடன் வேலை மதியத்தோடு முடிந்துவிடும், மதிப்பீட்டாளர் வராத நாளில் நகை வெளியே வராது. முந்தின நாளே கிளையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நகை இல்லாதவர்களுக்கு ரூ.10,000 வரை ஜாமீன் கடன் உண்டு. தண்டலுக்குப் பணம் வாங்கித் தள்ளுவண்டி போடுபவர்களுக்கு இது பெரிய மாற்று. தண்டல்காரர் பிடித்தம் போகக் கொடுத்துவிட்டு முழுத் தொகைக்கும் தினமும் வசூலிப்பார். இங்கே பத்தாயிரம் என்றால் கையில் பத்தாயிரம். ஜாமீன் போடுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி, கடன் கொடுத்தவர் கடனாளியையும் கேட்கலாம், நேரே உங்களையும் கேட்கலாம். சும்மா ஒரு கையெழுத்து என்று எதுவும் கிடையாது.

கட்டாமல் போனால்? மூன்று மாத அவகாசம், மூன்று முறை அறிவிப்பு, பிறகு உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு நகைக்கடைக்குப் போகிறார்கள். மூழ்கிப்போகும் நகை என்று இங்கே எதுவும் கிடையாது, மார்க்கத்திலும் அதற்கு இடமில்லை. ரூ.40,000 கடனுக்கு நகை ரூ.71,000-க்குப் போனால் ரூ.31,000-ஐ ரசீதோடு திருப்பிக் கொடுப்பார்கள். விற்ற விலை கடனுக்குக் குறைந்தால் பாக்கி கடனாகவே நிற்கும். இந்தப் பகுதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. விற்கும்போது இரண்டு கடையில் விலை கேட்கிறார்கள், அந்தச் சீட்டையும் கோப்பில் வைக்கிறார்கள்.

ஞாயிறு இஷாவுக்குப் (இரவுத் தொழுகை) பிறகு ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) கடன் ஆலோசனைக்கு உட்காருகிறார். கட்டணம் இல்லை. அதிகம் வருவது மூன்று வகைக் கேள்விகள்.

ஒன்று, பழைய கடன். ‘பதினைந்து வருஷம் முன்னாடி ரூ.50,000 கொடுத்தேன், அப்ப அதுக்கு எத்தனையோ பவுன் வாங்கலாம், இப்ப அதே ஐம்பதாயிரம் தந்தா எப்படி?’ பதில்: பணமாகக் கொடுத்தால் அதே எண்ணிக்கைப் பணம், தங்கமாகக் கொடுத்தால் அதே எடைத் தங்கம். விலைவாசியோடு கட்டி உயர்த்துவதை 1988-ல் குவைத்தில் கூடிய அதே ஃபிக்ஹ் அகாடமியும் ஏற்கவில்லை. நீண்ட நாளைக்குக் கொடுப்பவர்கள் ஆரம்பத்திலேயே தங்கத்தை எடை போட்டுக் கொடுத்து அப்படியே எழுதிக்கொள்ளட்டும். மூன்று ஆண்டு ஆனால் புரோநோட்டு செல்லாது என்ற சட்டப் பேச்சும் இங்கே வரும். காலவரையறைச் சட்டப்படி வழக்குப் போட மூன்று ஆண்டு. அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும். மார்க்கத்தில் கடன் காலாவதி ஆவதில்லை. ஷஹீதுக்கும் (இறைவழியில் உயிர் நீத்தவர்) கடனைத் தவிர மற்றதெல்லாம் மன்னிக்கப்படும் என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

இரண்டு, வராக் கடனை ஜகாத்தில் (கடமையான தர்மம்) கழிப்பது. ‘அவன் தரப்போறதில்ல, ஜகாத்துன்னு விட்டுடறேன்’ என்பார்கள். பெரும்பான்மை அறிஞர்களிடம் அது ஜகாத் ஆகாது. கடனாளி ஜகாத் பெறத் தகுதியானவர் (9:60). அவர் கையில் ஜகாத்தைக் கொடுங்கள், நிபந்தனை போடாதீர்கள், அவராக அதிலிருந்து கடனை அடைத்தால் அடைக்கட்டும்.

மூன்று, மையித்தின் (இறந்தவர்) கடன். இதில்தான் ஹஜ்ரத்தின் விளக்கம் மிகத் தெளிவு. கஃபன் துணி, அடக்கச் செலவு முதலில்; பிறகு கடன்; பிறகு மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் (உயில்); கடைசியில்தான் வாரிசுப் பங்கு. வசனத்தில் (4:11) வஸிய்யத் முன்னால் வந்தாலும் நபியவர்கள் கடனைத்தான் முதலில் நிறைவேற்றச் சொன்னார்கள் என்பது அலீ (ரலி) வழியாக திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் (மணக்கொடை) கடனே. விதவை தன் வாரிசுப் பங்குக்கு மேல் அதைத் தனியாகப் பெற வேண்டும். நம் குடும்பங்களில் மிக எளிதாக மறக்கப்படுவது இதுதான். சொத்தைத் தாண்டிய கடனுக்கு மகன் தன் கைக்காசைப் போட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, போட்டால் நன்மை. கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் (இறந்தவரின் உடல்) தொழுவிக்கத் தயங்கிய நபியவர்கள், அபூகதாதா (ரலி) அதை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள்.

‘மையித்துக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால் வாரிசுகளிடம் சொல்லவும்’ என்று ஜனாஸாவில் அறிவிக்கும் வழக்கம் இங்கே உண்டு. அறிவிப்போடு விட்டுவிடுகிறார்கள். துபாயிலும் சவூதியிலும் இருக்கும் கடன் கொடுத்தவருக்கு அது எப்படிக் கேட்கும்? பொறுப்பான வாரிசு ஒருவர், அவருடைய எண், 40 நாள் போன்ற ஒரு கெடு, எழுதி ஒட்டிய ஒரு தாள், இவ்வளவும் வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்காகக் கடன் வஸிய்யத் படிவம் ஒன்று வைத்திருக்கிறார்கள்: யாருக்கு, எவ்வளவு, என்று வாங்கியது, நோட்டு எங்கே, அடமானம் எங்கே, நமக்கு வர வேண்டியது எவ்வளவு. ஒரே பக்கம். கடன் வாங்காதவர்களும் இதை வாங்கி நிரப்பலாம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேசையில் அடுக்கி வைத்தால் என்ன?

மூலதனம் பற்றியும் சொல்ல வேண்டும். பாதி நன்கொடை, மீதி வெளிநாட்டில் இருப்பவர்கள் வட்டியில்லாமல் கொடுத்து வைத்த பணம். அதை ‘அமானத்’ என்று எழுதிவைக்கிறார்கள். எடுத்துக் கடன் கொடுக்கும் பணம் அமானிதமாக இருக்க முடியாது. அது பைத்துல்மால் வாங்கிய கடன், எது நடந்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அதற்கு உண்டு. 2019-ல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டத் தடைச் சட்டமும் இருக்கிறது, ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் தாள்களைச் சரிசெய்வது நிர்வாகத்துக்கு நல்லது. ஜகாத் கணக்கு தனி நோட்டில், தனி வங்கிக் கணக்கில் இருக்கிறது. கடனுக்கு அதைத் தொடுவதில்லை. கல்யாண மாதங்களில் வெளிநாட்டுக்காரர்கள் பணத்தைத் திரும்ப எடுப்பதால் புதுக் கடன் நின்றுபோகும், இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும். பள்ளிக்கூடக் கட்டணத்துக்குப் பணம் தேவைப்படுபவர்கள் ஏப்ரலிலேயே அட்டை போட்டுவிடுவது நல்லது.

நேரம் அஸருக்குப் (பிற்பகல் தொழுகை) பிறகு மஃரிப் (அந்தித் தொழுகை) வரை, வெள்ளி விடுமுறை. மதிப்பீட்டாளர் செவ்வாயும் சனியும் மட்டும். மற்ற நாட்களில் கட்டலாம், புதிதாக வாங்க முடியாது. தவணையில் குறைந்தது ரூ.500 கட்டலாம். ஒவ்வொரு முறையும் அட்டையில் பாக்கித் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் போடச் சொல்லிக் கேளுங்கள், அவசரத்தில் எண் மட்டும் போட்டுவிடுகிறார்கள். ரமளானின் கடைசிப் பத்து நாட்களில் பிரிவு மூடியிருக்கும்; பெருநாளுக்கு நகை வேண்டுபவர்கள் அதற்கு முந்தின சனிக்கிழமைக்குள் மீட்டுவிட வேண்டும்.